பேன்ட் குவியலுக்குப் பின்னால்

புதுச்சேரியின் பெரிய கடைவீதி எனக்கு உள்ளங்கை மாதிரி என்று இருபது வருஷமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த வீதிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அப்புறம் சர்க்கார் வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் அபிஷேகப்பாக்கத்தில் இரண்டையும் யாரும் சொல்ல மாட்டார்கள். சண்டே மார்க்கெட் என்றால் போதும். ஞாயிற்றுக்கிழமை நிரந்தரக் கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கியிருக்க, வீதி நெடுகப் பிளாட்பாரத்திலும் ரோட்டிலும் துணியும் செருப்பும் பாத்திரமும் மலை மலையாக வந்து இறங்கும். காலையில் பஸ் ஏறிப் போனால் கசங்கிப் பிழிந்து வெளியே வரும்போது மணி மூன்று. கையில் நாலு பை இருக்கும். மனசு காற்றில் பறக்கும்.

அங்கே வழி சொல்வதும் குவியலை வைத்துத்தான். "பேன்ட் குவியல் இருக்குது பாரு, அதுக்கு எதிர்ல நைட்டி சரம். நைட்டி சரத்தத் தாண்டி நாலடி வெச்சா செருப்புக் குவியல். அப்பால பாத்திரக்கார அம்மா. அங்க நில்லு, நான் வரேன்." இப்படிச் சொல்லிவிட்டுப் பிரிந்து போன எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் இதுவரை தொலைந்ததில்லை. ஒரே ஒரு தடவை என் நாத்தனார் தொலைந்தாள். அதுவும் அன்றைக்குச் செருப்புக்காரருக்குக் காய்ச்சல், அவர் கடை போடவில்லை.

இப்படிப்பட்ட நான் அதே வீதியில், பட்டப்பகலில், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி முழித்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நான் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்றுகொண்டிருந்தேன். பாட்டில் வரும், மூடியைத் திருக வேண்டும். அடுத்த பாட்டில் வரும். வேலை ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் பேசக் கூடாது. நான் பிறந்ததிலிருந்து வாயை மூடி இருந்தது தூங்கும்போது மட்டும்தான், அதிலும் சந்தேகம் உண்டு என்பார்கள் எங்கள் வீட்டில். முதல் மாதமே சூப்பர்வைசர் என்னைத் தோழிகளிடமிருந்து பிரித்து வேறு மேஜைக்கு மாற்றினார். அங்கே இருந்த அமைதியான பெண் ஒரே வாரத்தில் என்னைவிட அதிகமாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் சுவரைப் பார்த்தபடி ஒரு மூலையில் நிறுத்தினார்கள். நான் சுவரோடு பேசினேன். "இன்னாமே, உனக்கு வாயா மிஷினா?" என்று அவரே ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். டிராக்டர் ஓட்டுகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை, அதற்குமேல் கேட்டால் மறுநாள் கோட்டாவிலிருந்துதான் வரும். நான் சும்மா சொல்லவில்லை, கல்யாணமான புதிதில் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறேன். கூடிப் போனால் பதினொன்று. ஆனால் நான் பேசுவதை மட்டும் ஒரு நாளும் நிறுத்தச் சொன்னதில்லை. சாப்பிடும்போது பேசினால் மெதுவாகச் சாப்பிடுவார்.

இந்த நிலையில்தான் அந்தச் செய்தி போனில் வந்தது. டவுனில் பழைய வீதிகளைச் சுற்றிக் காட்ட ஆள் எடுக்கிறார்களாம். ஆறு வாரம் மாலை நேரப் பயிற்சி, கடைசியில் ஒரு சோதனை நடை, பாஸானால் வேலை. பெரிய கடைவீதி நடைக்கு ஒரே ஒரு ஆள் தேவை. பேசுவதற்குச் சம்பளம்! நான் அந்தச் செய்தியை எங்கள் வீட்டுக்காரரிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று யாரோ என்னை நினைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"போ," என்றார். அன்றைய பத்தில் ஒன்று.

பயிற்சி கொடுத்தவர் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை. டீச்சரம்மா என்போம். வெள்ளைத் தலை, கஞ்சி போட்ட காட்டன் புடவை. கோபம் வந்தால் தமிழ், ஆச்சரியம் வந்தால் பிரெஞ்சு. நாம் கடவுளே என்பதை டவுனில் பழைய ஆட்கள் மொந்தியே என்பார்கள், அதை அவர் வாயில் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனால் பாடம் நடத்தினால் உட்கார்ந்த இடத்திலிருந்து நகர முடியாது. இந்த ஊரின் வீதிகள் கயிறு பிடித்த மாதிரி நேராக இருக்கின்றனவே, அது தற்செயல் இல்லை, வீடு வருவதற்கு முன்னாலேயே கோடு வந்துவிட்டது என்று அவர் சொன்ன அன்று நான் பஸ்ஸில் கண்டக்டரிடம் அதைச் சொன்னேன். அவர் சில்லறை கேட்டார்.

பெரிய கடைவீதியில் நாங்கள் காட்ட வேண்டிய இடங்கள் நாலு. முதலில் பழைய அச்சாபீசு, நெற்றியில் இரண்டு மொழி எழுத்துச் செதுக்கியது. அப்புறம் இரட்டை வீடு: கீழே நம் ஊர் மரத்தூண், மேலே பிரெஞ்சு ஜன்னலும் வளைந்த பால்கனியும். மூன்றாவதாக மார்க்கெட்டுக்குப் போகும் வளைவு வாசல். கடைசியாக வண்டி மாடுகள் தண்ணீர் குடித்த கல் தொட்டி. நோட்டில் எல்லாவற்றையும் எழுதி மனப்பாடம் செய்தேன். பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சுவரிடம் ஒப்பித்தேன். சுவர் பாஸ் போட்டது.

அப்புறம் செய்தேன் ஒரு காரியம். வகுப்பில் எல்லாரையும் ஒரு வியாழக்கிழமை வீதிக்கு நேரில் போய்ப் பார்க்கச் சொன்னார் டீச்சரம்மா. நான் போகவில்லை. "எனக்கு எதுக்கு டீச்சர்? அந்த வீதியில எனக்குத் தெரியாத இடமா?" என்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். மற்ற நாலு பேரும் போனார்கள். நான் ஊருக்குப் போய் நெத்திலி வறுத்தேன்.

சோதனை நடை ஒரு புதன்கிழமை. கம்பெனியில் ஒரு வாரம் லீவு கேட்டிருந்தேன். சூப்பர்வைசர் கொடுத்தார், கூடவே ஒன்று சொன்னார்: அடுத்த திங்கட்கிழமை காலை வேன் வரும்போது நான் ஏறவில்லை என்றால் என் இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறாள். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். புதன்கிழமையே வேலை கிடைத்துவிடப் போகிறது, திங்கட்கிழமை யாருக்கு வேண்டும்?

பத்து மணிக்கு வீதியின் வடக்கு முனையில் டீச்சரம்மாவும், அட்டையும் பேனாவுமாக ஆபீஸ்காரர் ஒருவரும், டூரிஸ்ட் மாதிரி நடிக்க இரண்டு பேரும் நின்றார்கள். நான் புதுப்புடவையில் கைகூப்பி, "வாங்க, வணக்கம். வீடு வர்றதுக்கு முன்னாடியே கோடு வந்த ஊரு இது," என்று ஜோராக ஆரம்பித்தேன். ஆபீஸ்காரர் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு ஒரு முழம் உயரம் கூடியது. திரும்பி வீதியைப் பார்த்தேன்.

வீதியைக் காணோம்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது என் வீதி இல்லை. ஒரு குவியல் கிடையாது, ஒரு தார்ப்பாய் கிடையாது. மொட்டை அடித்த தலை மாதிரி வெறிச்சென்று கிடந்தது. ரோட்டில் பைக்குகள் வரிசையாக நின்றன. ஷட்டரெல்லாம் திறந்து உள்ளே கண்ணாடிக் கதவு, குளிர்பெட்டி, பொம்மை. மேலே மாடி மாடியாகக் கட்டடங்கள். இந்த வீதிக்கு மாடி இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இருபது வருஷம் அங்கே நடந்த நான் ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. குனிந்து குவியலைக் கிளறத்தானே போனேன்!

பேன்ட் குவியலைத் தேடுகிறேன், அந்த இடத்தில் செல்போன் கடை. நைட்டி சரத்தைத் தேடுகிறேன், அங்கே ஒரு பேங்க். வாய் மட்டும் நிற்காமல் ஏதோ சொல்லிக்கொண்டே போகிறது. நடுவில் ஒரு லாரி சரக்கு இறக்கி வழியை மறித்தது. "இப்படிச் சுத்தி வந்துடலாம் வாங்க," என்று பக்கத்துச் சந்தில் நுழைந்து, திரும்பி, மறுபடி ஒரு நேர் வீதியில் ஏறினேன். நேராக இருந்தது. கோடு பிடித்த மாதிரிதான் இருந்தது. எல்லா வீதியும் அப்படித்தான் இருக்கும் என்று நானே பத்து நிமிஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தேன்.

அங்கே மாடியில் வளைவு வைத்த பழைய கட்டடம் ஒன்று தெரிந்ததும் உயிர் வந்தது. "இதோ! பிரெஞ்சுக்காரங்க காலத்து அச்சாபீசு. இங்கதான் ராவும் பகலும் மிஷின் ஓடும். உள்ளே எழுத்துக் கோக்கறவங்க வரிசையா உக்காந்திருப்பாங்க," என்று கையை நீட்டினேன். பால்கனியில் பனியனோடு ஒருவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயிலிருந்து பிரஷ்ஷை எடுத்தார்.

"யம்மா, இது எங்க வூடு. எங்க தாத்தா கட்னது. உள்ள யாரும் வரிசையா உக்காரல. அச்சாபீசு அடுத்த தெரு."

"மொந்தியே!" என்றார் டீச்சரம்மா.

டூரிஸ்டாக நடித்த இரண்டு பேரும் நடிப்பை விட்டுவிட்டு நிஜமாகவே சிரித்தார்கள். ஆபீஸ்காரர் அட்டையில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு அதைச் சொல்லவும் வழியில்லை, அந்த ஊரில் கோணல் என்று ஒன்றே கிடையாது.

அன்று என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ டீச்சரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, பேச்சு நல்லா வருது உனக்கு. ஆனா எங்க நின்னு பேசறேன்னு தெரியல. இன்னொரு தடவை நடக்கலாம், அதுக்கு எனக்கு உரிமை இருக்கு. ஒரே தடவை. எப்ப நடக்கற?"

யோசிக்காமல், "ஞாயித்துக்கிழமை டீச்சர்," என்றேன்.

"ஞாயித்துக்கிழமையா? அன்னிக்கு அந்த வீதியில பூனை நுழையாதே! ஒரு கட்டடமும் கண்ணுக்குத் தெரியாதே!"

"எனக்கு அன்னிக்குத்தான் டீச்சர் தெரியும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் சிரித்தார். சரி என்று சொல்லிவிட்டார்.

வாயை விட்டுவிட்டேன், அப்புறம்தான் நாள் கணக்குப் போட்டேன். ஞாயிறு நடை, முடிவு திங்கள். அதே திங்கள் காலையில் வேன். இந்தத் தடவை தவறினால் மறுபடி அந்தச் சுவர்தான், ஆயுசுக்கும். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு எழுந்து வயல் பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

எங்கள் கொல்லைக்குப் போகும் வரப்பு நல்ல நீளம், நேராக ஓடும். அதன் தலைப்பில் நின்று அவர் ஒரு வேப்பங்குச்சியை ஊன்றினார். "வடக்கு," என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. ஐயோ, என் தங்கமே! வரப்புத்தான் வீதி. இரண்டு பக்கமும் நடவு முடிந்த நெல். முதல் தென்னை அச்சாபீசு. இரட்டைத் தென்னை இரட்டை வீடு. மடை மார்க்கெட் வளைவு. கோடியில் இருக்கும் மோட்டார் கொட்டகை கல் தொட்டி, அதிலும் தண்ணீர் இருக்கிறதே, பொருத்தம்தான். மூன்று நாள், காலையும் மாலையும், அவர் டூரிஸ்டாகப் பின்னால் வர, நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் சேற்றில் வழுக்கிக்கொண்டே சரித்திரம் சொன்னேன். கொக்குகள் கேட்டன. பக்கத்து வயலில் களை எடுத்த பெண்கள், "இன்னாடி, வரப்புல நின்னு பிரெஞ்சுக்காரன திட்டிக்கினு இருக்க?" என்று கத்தினார்கள். "திட்டலடி, வேல பாத்துக்கினு இருக்கேன்!" என்று நானும் கத்தினேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. இவர் கேள்வி கேட்க மாட்டேன் என்கிறார். "யோவ், டூரிஸ்ட்டுன்னா கேள்வி கேப்பாங்கய்யா! இது இன்னா கட்டடம், யாரு கட்னதுன்னு ஏதாவது கேளு! ஊமையாட்டம் வந்தா நான் எப்படிப் பழகறது?" என்று கெஞ்சினேன், திட்டினேன். அவர் தென்னையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். இப்படி ஒரு டூரிஸ்ட் வந்தால் எந்த ஊருக்கும் நல்லதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பைக்கில் என்னை உட்கார வைத்து டவுனுக்குக் கொண்டுவந்துவிட்டார். யோசனை என்னுடையது. கடை போடுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். எந்தக் குவியல் எந்தச் சுவரை மறைக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அந்தக் காலையை நான் மறக்கவே மாட்டேன். புதன்கிழமை என்னை அவமானப்படுத்திய அதே மொட்டை வீதி. இப்போது நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். முதல் டெம்போ வந்து நின்றது. பேன்ட்காரர் மூட்டையை உருட்டி இறக்கினார். தார்ப்பாய்க் கயிற்றை எடுத்து, பார்க்காமலேயே, செல்போன் கடை ஷட்டருக்குப் பக்கத்தில் இருந்த பழைய ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டார். நான் அந்தக் கம்பியிலிருந்து கண்ணை மேலே ஏற்றினேன். ஜன்னலுக்கு மேலே வளைவு, வளைவுக்கு மேலே நெற்றி, நெற்றியில் இரண்டு மொழி எழுத்து. அச்சாபீசு! "அட, நீயா!" என்று கத்திவிட்டேன். இருபது வருஷமாக அதன் காலடியில் உட்கார்ந்துதான் பேன்ட்டுக்கு ஜிப் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்திருக்கிறேன்.

"இன்னா மா, இவ்ளோ சீக்கிரம்? இன்னும் மூட்டையே பிரிக்கல," என்றார் பேன்ட்காரர்.

விஷயத்தைச் சொன்னேன். பத்து மணிக்கு நாலு பேரோடு வருவேன், கையைத் தூக்கினால் தார்ப்பாயை ஒரு நிமிஷம் விலக்க வேண்டும். அவர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த கட்டடத்தை முதல் தடவையாகப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "இதுவா? இதுக்கு இவ்ளோ பெருமையா? நான் ஆணி அடிக்கலாம்னு இருந்தேனே!" என்றார். நைட்டிக்காரர் பேங்க் இருந்த இரட்டை வீட்டின் மரத்தூண்களுக்கு நடுவே சரம் கட்டிக்கொண்டிருந்தார். "தூக்கிடலாம் தங்கச்சி. ஆனா நீ சொல்ற கதைய நானும் கேப்பேன்," என்று ஒப்பந்தம் போட்டார். செருப்புக்காரர் வளைவு வாசலை மறைத்துத்தான் இருபது வருஷமாகச் செருப்பைத் தொங்கவிட்டிருக்கிறார். அவரும் சரி என்றார். நான் குதித்துக்கொண்டே கோடிக்குப் போனேன்.

அங்கே பாத்திரக்கார அம்மா. கல் தொட்டியை அவர் எப்போதோ தன் கடையின் அஸ்திவாரமாக ஆக்கிக்கொண்டார் போலிருக்கிறது. தொட்டிக்குள் ஒரு பெரிய அண்டா கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அண்டாவைச் சுற்றி, அண்டாவுக்கு மேலே, தவலை, குண்டான், சட்டி, தட்டு என்று கோபுரம். கல் ஒரு விரல் அகலம்தான் வெளியே தெரிந்தது.

"யம்மா, பத்து மணிக்கு ஒரு நிமிஷம் இத்த கொஞ்சம் நகத்தினீங்கன்னா..."

"நகத்தறதா? ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து அடுக்கினது. கலைச்சா எவன் அடுக்கறது? வாங்கறதுன்னா வா, இல்லன்னா வழிய வுடு."

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. கடைசி இடம், மிக முக்கியமான இடம், அண்டாவுக்கு அடியில். எங்கள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். வண்டியை நிறுத்திவிட்டு வந்து அந்தக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நேரமில்லை, வடக்கு முனைக்கு ஓடினேன்.

பத்து மணிக்கு வீதி தன் உண்மையான முகத்துக்கு வந்துவிட்டது. தலையா அலையா தெரியாத கூட்டம். "எடு எடு எடு, நூறு ரூவா நூறு ரூவா" என்று ஒலிபெருக்கி. ஆபீஸ்காரர் அட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். டீச்சரம்மா புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு போருக்குப் போகிறவர் மாதிரி நின்றார். எனக்கா? எனக்குத் தலைகால் புரியாத குஷி. என் வீதி, என் குவியல்கள், என் ஜனம்.

"கெட்டியாப் புடிச்சிக்கிங்க, வாங்க!"

பேன்ட் குவியலுக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினேன். பேன்ட்காரர் ஒலிபெருக்கியை நிறுத்தினார். அதற்கே கூட்டம் திரும்பியது. அவர் தார்ப்பாயை ஒரே இழுப்பாக இழுத்து மடித்தார், வெயில் போய் நெற்றி எழுத்தில் விழுந்தது. "ஓ!" என்றது கூட்டம். குனிந்து பேன்ட் கிளறிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கையில் பேன்ட்டோடு நிமிர்ந்தார்கள். நான் சொன்னேன். எழுத்துக் கோர்த்தவர்கள், மசி, காகிதக் கட்டு, எல்லாம் சொன்னேன். என்னைப் போலவே இத்தனை வருஷம் நிமிராதவர்கள் அத்தனை பேரும். அவர்களுக்குச் சொல்வது சுகமாக இருந்தது. நகர்ந்தபோது நாலு பேர் இல்லை, நாற்பது பேர் பின்னால் வந்தார்கள், பைகளோடு.

நைட்டிக்காரர் தேவைக்கு அதிகமாகவே செய்தார். சரத்தை நாடகத் திரை மாதிரி இரண்டு பக்கமும் இழுத்து, நடுவில் மரத்தூணைத் தட்டி, "பர்மா தேக்கு!" என்று அறிவித்தார். அது நோட்டில் இல்லை. டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இருக்கலாம்," என்றார். "கீழ தமிழ் நாட்டாமை, மேல பிரெஞ்சு துரை, ஒரே வூட்ல ரெண்டு பேரும் சண்டை இல்லாம இருக்காங்க பாருங்க," என்றேன் நான். ஒரு பெண், "எங்க வூட்ல மாமியா கீழ, நான் மேல, ஆனா சண்டைதான்!" என்று குரல் கொடுத்தாள். வளைவு வாசலில் செருப்பெல்லாம் ஒதுங்கி, மாப்பிள்ளை ஊர்வலம் போகிற மாதிரி கூட்டம் வளைவுக்குள் நுழைந்து வெளியே வந்தது. ஆபீஸ்காரர் எழுதுவதையே விட்டுவிட்டார். அவருக்கு ஒரு பெல்ட் பிடித்துப் போய்விட்டது.

ஆனால் எனக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தொட்டி. தொட்டி. தொட்டி. கோடியை நெருங்க நெருங்க மணி பலமாகிறது. காட்டாமல் எப்படிச் சொல்வது? அண்டாவைக் காட்டியா?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனால், பாத்திரக் கோபுரம் தரையில் பரவிக் கிடந்தது. அந்த அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். நடுவில், எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பிரம்மாண்டமான அண்டாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதை வாங்கிவிட்டிருந்தார். அவர் கத்தரிக்காய் வாங்கினால்கூட விலை படியாமல் கையை எடுக்க மாட்டார். அந்த அம்மா சொன்ன விலைக்கே, மறு பேச்சில்லாமல், எடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எடுக்க வேண்டும் என்றால் கோபுரத்தைக் கலைக்காமல் எப்படி எடுப்பது? "பாவி மனுசன், அடியில இருக்கறதுதான் வேணும்னான்," என்றார் அந்த அம்மா.

எங்கள் வீட்டுக்காரர் காலடியில் கல் தொட்டி, நல்ல வெயிலில், முழுசாக.

எனக்கு நோட்டில் எழுதியிருந்த வரி ஒன்று கூட ஞாபகம் வரவில்லை. எங்கிருந்தோ வேறு வந்தது. "இந்தத் தொட்டி துரைக்கு வெச்சது இல்லீங்க. பாகூர்லருந்தும் வில்லியனூர்லருந்தும் எங்க அபிஷேகப்பாக்கத்துலருந்தும் நெல்லு மூட்டை ஏத்திக்கினு வந்த மாட்டுக்கு வெச்சது. இந்த வீதி சாப்ட்ட சோறு எங்க ஊரு சோறு. மாடு இங்க தண்ணி குடிச்சுது. வண்டிக்காரரு இந்த ஓரத்துல உக்காந்து காலு கழுவினாரு. அச்சாபீசுக்கும் வளைவுக்கும் பேரு எழுதி வெச்சாங்க, இதுக்கு யாரும் எழுதல. ஆனா பாருங்க, நாலுலயும் இது ஒண்ணுதான் இன்னிக்கும் வேல செய்யுது. அண்டாவ தாங்கிக்கினு இருந்துது!"

கூட்டம் கைதட்டியது. பாத்திரக்கார அம்மா தொட்டியை ஒரு தடவை துடைத்தார். டீச்சரம்மா மொந்தியேகூடச் சொல்லவில்லை. "நாளைக்கு போன் வரும்," என்றார் ஆபீஸ்காரர், புது பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டே. அண்டாவை மடியில் வைத்து வண்டியில் ஊருக்கு வந்தேன். முன்னால் ரோடே தெரியாமல் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் அண்டாவுக்குள் வாயை வைத்துப் பாடிக்கொண்டே வந்தேன். நல்ல எதிரொலி.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. போன் வரவில்லை. டிபன் டப்பாவோடு வாசலில் நின்றேன். ஏறினால் அந்தச் சுவர். ஏறாமல் இருந்து போனும் வராவிட்டால் சுவரும் இல்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். கால் வேன் பக்கம்தான் நகர்ந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் வந்து என் கையிலிருந்து டப்பாவை வாங்கினார். வேன் டிரைவரிடம் சொன்னார்:

"நீ போப்பா. அவ வரமாட்டா. அவளுக்கு டவுன்ல பேசற வேல இருக்குது."

ஒன்பது வார்த்தை! ஒரே மூச்சில்! வேன் போய்விட்டது.

"யோவ், இன்னா காரியம் பண்ண! போனே வரலியே! வரலன்னா இன்னா பண்றது?" என்று நான் குதித்தேன், கத்தினேன். அவர் டப்பாவைத் திறந்து என் மதியச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார். அப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். நான் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து மணி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று இரண்டு தடவை கேட்டாள்.

பத்தேகாலுக்குப் போன் அடித்தது. டீச்சரம்மா. "ஏம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை பதினோரு பேரு வராங்க. உன் நைட்டிக்காரர்கிட்ட சொல்லிடு." வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குமேல் சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. போனை அண்டாவுக்குள் போட்டுவிட்டு வரப்பில் ஓடினேன். முதல் தென்னை, இரட்டைத் தென்னை, மடை. இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன், முட்டி வரை சேறு. களை எடுக்கிற பெண்கள் இன்னாடி இன்னாடி என்கிறார்கள். மூச்சு வாங்குகிறது, வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அவர் கோடியில் மோட்டார் கொட்டகைக்கு முன்னால் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மரியாதையாக நின்று, கொட்டகையைக் கையால் காட்டினார்.

"ஏம்மா, இது இன்னா கட்டடம்? யாரு கட்னது?" என்று கேட்டார்.